பெரம்பலூர் கடையின் முதல் விற்பனை

தம்பி,

சாப்பாட்டு மேசையில் நீ வைத்துவிட்டுப் போன அழைப்பிதழைப் படித்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து, ஊராருக்கு வைப்பதைப் போலவே எனக்கும் வைத்திருக்கிறாய். நேரில் நீட்டப் பயம். பயந்ததும் நல்லதுதான். ரிப்பன் வெட்டுபவர், குத்துவிளக்கு ஏற்றுபவர் என்று வரிசையாகப் பெயர்கள். கடைசியில் 'முதல் விற்பனையைத் தொடங்கி வைப்பவர்' என்ற இடத்தில் பெரிய கடைக்காரரின் பெயர். அச்சுப்பிழையாக இருக்குமோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்க்காமலேயே, மோட்டார் போட்டேனா இல்லையா என்று கேட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். ஆக அவருக்கு முன்பே தெரியும். எனக்குத்தான் கடைசியில் சொல்கிறீர்கள்.

நேரில் பேசினால் நான் கத்துவேன், நீ போனைப் பார்ப்பாய். அதனால் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் ஊழியர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறேன். ஆடித் தள்ளுபடி விவரமும் யாருக்கு எந்தக் கடையில் டியூட்டி என்பதும் வருகிற அதே குழு. நம்மிடம் வேலை பார்க்கிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கடைகள் எப்படி வளர்ந்தன என்று தெரியட்டும். போன மாதம் லோக்கல் சேனலில் நீ உட்கார்ந்து, உழைப்பால் வளர்ந்தோம், வாடிக்கையாளர்களின் நம்பிக்கையால் வளர்ந்தோம் என்று சொன்னாய். சட்டை கூட நன்றாக இருந்தது. நீ சொன்னது பொய்யில்லை. ஆனால் உழைப்புக்கு முன்னால், நம்பிக்கைக்கு முன்னால் என்னிடம் ஒன்று இருந்தது. வன்மம். அதைச் சேனலில் சொல்ல முடியாது, கடிதத்தில் சொல்லலாம்.

பெரிய கடையில் நான் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். ஏதோ சம்பளத் தகராறில் வெளியே வந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டிருந்தேன். அப்போது பெரம்பலூரில் கம்ப்யூட்டர் என்றால் அந்த ஒரு கடைதான். பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருந்தாலும் எல்லோருக்கும் அது பெரிய கடை. எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டிய வீட்டுப் பிள்ளை நான், பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் முடித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். பின்னறையில் உட்கார்ந்து மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க் எல்லாம் பூட்டி, சாஃப்ட்வேர் ஏற்றி, ஓடுகிறதா என்று பார்த்து முன்னால் அனுப்ப வேண்டும். முன்னால் அவர் பாலித்தீன் உறை போட்டு விற்பார். அவர் என்று மரியாதையாகத்தான் எழுதுகிறேன். மனதுக்குள் எப்படிச் சொல்கிறேன் என்பது என்னோடு இருக்கட்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஷட்டர் தூக்கும்போதே போய் நின்றேன். சீக்கிரம் வந்தால் நல்ல பெயர் எடுக்கலாம் என்ற ஆசை. அன்றைக்குப் பார்த்து வியாபாரம் மந்தம். சாயங்காலம் கல்லாவில் இருந்தபடியே கூப்பிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் வீடு என்று கேட்டார். இந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சொன்னேன். தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. என்னைப்போல் வேலை தெரிந்த ஆள் அவருக்குக் கிடைக்காது. மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்தார்.

"காலையில போணி ஆகட்டும்மா, அப்பறம் நீ உள்ள வா. அதுவரைக்கும் எதுத்தாப்புல நில்லு. தப்பா எடுத்துக்காத, யாவாரத்துல ராசின்னு ஒண்ணு இருக்குல்ல."

ராசி. எவ்வளவு வசதியான சொல் பார். அதற்குப் பிறகு தினமும் காலையில் நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன். மற்றவர்கள் எல்லோரும் உள்ளே போவார்கள். பெருக்குகிறவர் போவார், டீ கொண்டு வருகிறவர் போவார், போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டும் போவார்கள். யாரோ ஒருத்தர் வந்து மவுஸோ, சிடியோ, பிரிண்டர் ரிப்பனோ வாங்குவார். முதல் நோட்டை அவர் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவார். பிறகு யாராவது வாசலுக்கு வந்து கையைக் காட்டுவார்கள். நான் போகலாம். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்கா ஒரு நாள் பாவப்பட்டு ஸ்டூல் எடுத்துப் போட்டது. கல்லாவில் இருந்து தலை நிமிர்ந்தால் நான் நேராகக் கண்ணில் படுகிறேன் என்று அவர் சொல்லி அனுப்பினார். அதனால் டிரான்ஸ்ஃபார்மர் ஓரமாக நகர்ந்து நின்றேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள். ஆடியில் இப்போதுதான் தள்ளுபடி என்று கூட்டம் அலைமோதுகிறது, அப்போதெல்லாம் ஒரு ஈ காக்கை வராது. காற்று மண்ணை வாரி மூஞ்சியில் அடிக்கிறது. பத்து மணி ஆகிறது, பதினொன்று ஆகிறது, போணி ஆகவில்லை. ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றால்கூட உள்ளேதான் போக வேண்டும். மதியம் சாப்பாட்டு நேரம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டண்ட் ஜீப்பில் வந்து இறங்கினார். ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அது முந்தின நாள் நான் பூட்டி முடித்த மெஷின். நான் செய்தது முன்வாசல் வழியாக மாலை மரியாதை இல்லாத குறையாக வெளியே வந்து, ஜீப்பில் ஏறிப் போயிற்று. அது போன பிறகுதான் என்னை உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினார்கள். அன்றைக்கு நான் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை அதோடு தீர்ந்திருக்கும்.

கல்யாணம் முடிந்து அரியலூருக்குப் போகிறேன், வேலையை விடுகிறேன் என்று சொல்லப் போனபோது என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். ஒரு சின்ன சர்வீஸ் கடை போடலாம் என்றிருக்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, நிஜமாகவே என்மேல் அக்கறைப்பட்ட மாதிரி ஒரு சிரிப்பு. "வேல தெரிஞ்சா மட்டும் போதுமாம்மா? கடைன்னா கை ராசி வேணும். ஒங்கிட்ட யாரு வந்து போணி பண்ணுவா?" என்றார். இதுதான் தம்பி. உன் பள்ளிக்கூடம், உன் காலேஜ், நீ ஓட்டுகிற கார், பெரம்பலூரையும் சேர்த்து நீ சொல்கிற அந்த ஆறு கடை, எல்லாம் அந்த ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதில்.

அரியலூரில் உன் அப்பா ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்டு ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். நான் கடைவீதிக்குப் பின்னால் ஒரு அறை பிடித்தேன். அந்த ஊரில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஃபேனில் சிமெண்டுத் தூசி ரொட்டி மாதிரி படிந்திருக்கும். ஊதி எடுத்துத் துடைத்தாலே பாதி மெஷின்கள் ஓடிவிடும். அதற்கு நான் ஒன்றும் வாங்குவதில்லை, டீ சொல்லுங்கள் என்பேன். அப்படித்தான் பழக்கம் பிடித்தேன். பிறகு அரசாங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்த காலம் வந்தது. அதற்கு முன் கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத வீடுகளில் எல்லாம் லேப்டாப். சார்ஜர் பின் உடைவதும், கீபோர்டில் கஞ்சி கொட்டுவதும், வைரஸ் வருவதுமாக எல்லாம் கடைக்கு வந்தன. பெரம்பலூரில் பெரிய கடை வாசலில் ஒரு போர்டு மாட்டினார்கள், 'இலவச லேப்டாப் சர்வீஸ் செய்யப்படாது' என்று. ஓசியில் வந்த பொருளைக் கொண்டு வருகிற கூட்டம் கடையில் நின்றால் காசு கொடுத்து வாங்குகிறவன் வர மாட்டானாம். கேள்விப்பட்ட அன்றே நானும் ஒரு போர்டு எழுதச் சொன்னேன். 'அரசு லேப்டாப் இங்கே முதலில் பார்க்கப்படும்.' முதலில் என்ற சொல்லை மட்டும் சிவப்பில் எழுதச் சொன்னேன்.

விக்கிரமங்கலத்திலிருந்து, செந்துறையிலிருந்து, குன்னத்திலிருந்து, பஸ் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எங்கேயோ திருப்பி அனுப்பப்பட்ட முகத்தோடு வருவார்கள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். உட்காரச் சொல்வேன். ஊரில் எந்தப் பக்கம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தப் பிள்ளைகள் சும்மா இருந்துவிடவில்லை. சிமெண்டு ஆலையில் சேர்ந்தார்கள், திருப்பூர் போனார்கள், சென்னைக்குப் போனார்கள், நர்ஸ் ஆனார்கள், போலீஸ் ஆனார்கள். சம்பளம் வந்ததும் அம்மாவுக்கு டிவி, அக்கா கல்யாணத்துக்கு ஃபிரிட்ஜ், தம்பிக்கு போன். அவர்களுக்காகவே அதையெல்லாம் விற்கத் தொடங்கினேன், எல்லாம் கம்ப்யூட்டரம்மா என்று அவர்கள் கூப்பிட்ட என் கடையில். ஆன்லைனில் கம்மி என்று காட்டிவிட்டு என்னிடமே வாங்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். நீ எம்.பி.ஏ.வில் இதற்கு ஏதோ பெயர் படித்திருப்பாய். அவர் விரட்டிவிட்டதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவரும் டிவி, ஃபிரிட்ஜ் என்று விரித்து அரியலூரில் கிளை போட்டார், நினைவிருக்கிறதா? நீ அப்போது ஸ்கூலில் இருந்தாய். நான் பின்தெருவை விட்டு, கடன் பட்டு, அவருக்கு நேர் எதிரே இடம் பிடித்தேன். உன் அப்பா தலையில் கை வைத்தார். அவர் ஒன்பதரைக்கு ஷட்டர் தூக்குவார். நான் ஒன்பதுக்கே திறந்துவிடுவேன். அவர் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்கும்போது என்னிடம் போணி முடிந்து வாசலில் செருப்பு நிறைந்து கிடக்கும். அவரிடம் அதிகம் ஓடுகிற டிவி எது என்று பார்த்து அதை மட்டும் வாங்கின விலைக்கே கொடுத்தேன். அவரிடம் இருந்த நல்ல சேல்ஸ்மேன்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார்கள். அந்தக் கிளை மூடினபோது அதன் கண்ணாடி ஷோகேஸ்களை விலைக்குக் கேட்டு வாங்கினேன். நம் ஊழியர்கள் சாப்பிடுகிற அறையில் டிபன் பாக்ஸ் வைக்கிற ஷோகேஸ் அதுதான். நம் மேனேஜர் பழனிவேலு பலமுறை கேட்டிருக்கிறான், இவ்வளவு நல்ல ஷோகேஸை ஏன் இங்கே போட்டிருக்கிறீர்கள் என்று. இப்போது தெரிந்துகொள், பழனிவேலு.

ஜெயங்கொண்டம், செந்துறை, குன்னம், வேப்பந்தட்டை என்று கடை போட்டேன். பெரம்பலூரில் மட்டும் போடவில்லை. எல்லா டீலரும் கேட்டார்கள், நீயும் கேட்டாய், மாவட்டத் தலைநகரை விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி ஏன் திறக்கிறாய் என்று. வேலி போட்டுக்கொண்டிருந்தேன். பெரம்பலூருக்கு எந்த ரோட்டில் வந்தாலும் வழியில் நம் கடை ஒன்று இருக்க வேண்டும், பெரிய கடைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் ஜனங்கள் நம்மிடம் இறங்கிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். பெரம்பலூருக்குள் நான் போவதாக இருந்தால் அந்தக் கட்டடத்துக்குள்தான் போவேன், அந்த முன்வாசல் வழியாகத்தான் போவேன் என்று வைத்திருந்தேன். அவர் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து, கடை நொடித்து, பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய், கட்டடம் வாடகைக்கு வந்தபோது உன்னை ஓட ஓட விரட்டி ஒப்பந்தம் போடச் சொன்னது அதற்காகத்தான். நீ அதை நல்ல லொகேஷன் என்று நினைத்துக்கொண்டாய்.

இப்போது போணி விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய ஒவ்வொரு கடையையும் திறந்த அன்று முதல் விற்பனையை யார் கையால் செய்தோம் என்று நீயே யோசித்துப் பார். மூட்டை தூக்குகிறவர், கரும்பு வெட்டுகிறவர், குப்பை வண்டி ஓட்டுகிற அம்மா. எங்கேயாவது வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட கைகளாகப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். அது திறப்பு நாளுக்கு மட்டும் நான் வைத்த வழக்கம். நம் மேனேஜர்கள் அதைத் தினசரி ஆக்கிவிட்டார்கள். உழைக்கிற கை போணி பண்ணினால் அன்றைக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று ஒரு நம்பிக்கை. அதனால் அரியலூரில் லோடுமேன் யாராவது வந்து ஒரு பேட்டரி வாங்கும் வரைக்கும் மற்றவர்களை, அஞ்சு நிமிஷம் சார், பில் மெஷின் ஓடலை சார் என்று வெளியே நிறுத்திவிடுவார்கள். எனக்குத் தெரியும். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு நாள் காலை நான் அரியலூர் கடை மாடியில் கேமரா திரை முன்னால் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெரியவர் நிற்பதைப் பார்த்தேன். கையில் பழைய டிவி ரிமோட். கம்பை ஊன்றிக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்கிறார். முதலில் யாரென்று தெரியவில்லை. அவர் தலையைத் தூக்கி நம் போர்டைப் பார்த்தபோது தெரிந்தது. மகள் வீட்டோடு அரியலூரில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் யாரென்று நம் பையன்களுக்குத் தெரியாது. யாரும் எதையும் திட்டமிடவில்லை. தானாக வந்து நின்றார். உன்னிடம் மறைக்க மாட்டேன் தம்பி, உன்னைப் பெற்ற அன்றைக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. காப்பி ஆறிப்போனது, குடிக்கக்கூடத் தோன்றவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே ஒரு போன் அடித்தால் அவரை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். நான் அடிக்கவில்லை.

அப்போதுதான் நீ பைக்கில் வந்து இறங்கினாய். கேமராவில் சத்தம் கிடையாது. நீ அவரிடம் ஏதோ கேட்டாய், கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாய், நாற்காலி போட்டாய், தண்ணீர் கொடுத்தாய், புது ரிமோட்டை எடுத்துக் கொடுத்தாய். அவர் சட்டைப்பையில் தடவி நோட்டை எடுத்து நீட்டினார். அதை நீ இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாய். அத்தனை வருஷம் நான் காத்துக்கிடந்து என் தட்டில் விழுந்த சோற்றை, ஒரு வாய் வைப்பதற்குள் நீ எடுத்து அவருக்கே ஊட்டிவிட்டாய்.

மேலே வந்து நின்றாய். "அம்மா, அவரு வெளியில நின்னது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா உக்காந்திருந்த?"

"தெரிஞ்சதுனாலதான் உக்காந்திருந்தேன்."

அப்புறம் நீ ஒன்று கேட்டாய். அவர் மட்டுமா நின்றார், பக்கத்தில் ஒரு நர்ஸ் பெண் நின்றதே, டியூட்டிக்கு நேரமாகிறது என்று சொல்லியும் நிறுத்தியிருக்கிறார்களே, அது கேமராவில் தெரியவில்லையா என்று. தெரியவில்லை. நீ போன பிறகு திருப்பி ஓட்டிப் பார்த்தேன். இருந்தது. கையில் சார்ஜரை வைத்துக்கொண்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றது, பிறகு வாங்காமலேயே போய்விட்டது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தப் பிள்ளை என் கண்ணில் படவே இல்லை. இதில் நீ ஜெயித்தாய். நாளையிலிருந்து எந்தக் கடையிலும் போணிக்காக யாரையும் ஒரு நொடிகூட நிறுத்தக் கூடாது. பழனிவேலு, எல்லா மேனேஜர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யார் முதலில் வந்தாலும் அவர்தான் முதலில்.

ஆனால் அதோடு நீ நிறுத்தவில்லையே. அவரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறாய். உங்கள் அம்மா என்னிடம் தொழில் கற்றுக்கொண்ட பெண்தான், என் கை ராசி, எங்கேயோ போயிடுச்சு என்று சொல்லிக் கண் கலங்கினாராம். அதில் நீயும் கலங்கிப்போய் முதல் விற்பனைக்கு வரச் சொல்லிவிட்டாய். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு நான் போன் அடித்துக் கேட்டபோது, வாழ்ந்து கெட்ட மனுஷன்மா, அவர் கையால் ஆரம்பித்தால் நமக்குத்தானே பெருமை என்றாய். என்னை வெளியில் நிறுத்தி வைத்ததைச் சொன்னாரா என்று கேட்டேன். நான் எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியாது, ஆனாலும் நீ பதில் வைத்திருந்தாய்.

"அவருக்குப் பழசு எதுவும் ஞாபகம் இல்லம்மா. ஒன்னப் பத்தி நல்லதாதான் பேசுறாரு."

ஞாபகம் இல்லை. உடம்பு தளர்ந்திருக்கிறதே தவிர அவர் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. பேரன் பெயர், பழைய டீலர்கள் பெயர், கட்டடத்துக்கு எந்த ஊர்க் கொத்தனார் வந்தார் என்பது வரை உன்னிடம் சொல்லியிருக்கிறார். என்னை நிற்க வைத்தது மட்டும் இல்லை. ஏனென்றால் அவருக்கு அது நடந்த சங்கதியே இல்லை. கடை வாசலில் தண்ணீர் தெளிக்கிற மாதிரி அன்றாடம் செய்கிற ஒரு காரியம். நான் அதை வைத்து ஆறு கடை கட்டினேன், அவர் அதை மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். இப்போது போதாததற்கு, என்னை வளர்த்துவிட்டதே தன் கைதான் என்றும் நம்புகிறார். அன்றைக்குச் சொன்னதைவிட இதுதான் எனக்குப் பெரிய அடி.

உன் அப்பா நேற்று சொன்னார், அந்த ஆளே பாதி செத்துட்டாரு, இன்னும் என்ன என்று. மீதி பாதி இருக்குல்ல என்றேன். கோபம் உடம்பைக் கெடுக்கும், மன்னித்தால் மனசு லேசாகும் என்று நீயும் சொல்வாய். கோபப்படத் தேவையே இல்லாத இடத்தில் பிறந்தவர்கள்தான் பெரும்பாலும் இப்படிப் பேசுவார்கள். நீ அப்படி ஒரு இடத்தில் பிறக்க வேண்டும் என்றுதான் நான் பாடுபட்டேன், பிறந்துவிட்டாய், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நின்றது என் கால். மன்னிப்பது நீ. இது எந்த ஊர் நியாயம்? ஊரே மேடையில் கை தட்டும், என்ன பெருந்தன்மை என்று. அந்தக் கைதட்டலை என் காலைக் காட்டி நீ வாங்கப் போகிறாய். இனிமேல் யாரையாவது மன்னிக்க வேண்டும் என்று தோன்றினால், உனக்குத் துரோகம் செய்தவனைத் தேடிப் போய் மன்னித்துக்கொள். என்னுடையதை என்னிடம் விட்டுவிடு.

அழைப்பிதழை மாற்ற வேண்டாம். அடித்துவிட்டாய், ஊரெல்லாம் கொடுத்துவிட்டாய், கடைகளையும் போன பங்குனியிலேயே உன் பெயருக்கு எழுதிவிட்டேன். தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அவர் வரட்டும். கார் அனுப்பிக் கூட்டி வா, மாலை போடு, சால்வை போர்த்து. அவர் கையாலேயே முதல் விற்பனை நடக்கட்டும். நானும் வருகிறேன். உன் கல்யாணத்துக்குக் கட்டிய அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவேன். ஆனால் உள்ளே வர மாட்டேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், டிரான்ஸ்ஃபார்மர் ஓரமாக நிற்பேன். நாற்காலி கொடுத்து யாரையும் அனுப்பாதே. குடையும் வேண்டாம். டீலர்கள், கம்பெனிக்காரர்கள், சேனல்காரர்கள், நம் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள், கடைக்காரம்மா ஏன் வெளியே நிற்கிறார் என்று கேட்பார்கள். அவரும் கேட்பார். அந்தக் கட்டடத்து வாசலில் நின்று, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற என்னைப் பார்த்துக்கொண்டே கேட்பார். அப்போது உன் கையில் மைக் இருக்கும். ஏன் நிற்கிறேன் என்று நீதான் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்தவனாகச் சொல், அவர் காதில் விழும்படி சொல். சொல்ல முடியவில்லை என்றால் பேசாமல் இருந்துகொள், நான் சாயங்காலம் வரைக்கும்கூட நிற்பேன், எனக்குப் பழக்கம்தான்.

அவர் போணி பண்ணி முடித்ததும் வாசலுக்கு வந்து கையைக் காட்டு. நான் உள்ளே வருகிறேன்.

அம்மா